என் சிறிய தளத்தில் திருட என்ன இருக்கிறது?

முதன்முதலாக இணையதளம் தொடங்குகிறவர்களிடம் பாதுகாப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் இந்தக் கேள்விதான் திரும்பி வரும். நாலு கவிதை, பத்து சமையல் குறிப்பு, கடையின் முகவரி, ஒரு தொலைபேசி எண். இதை உடைத்து யாருக்கு என்ன லாபம்?

நியாயமான சந்தேகம்தான். ஆனால் உடைக்கிறவனுக்கு உங்கள் கவிதையோ சமையல் குறிப்போ தேவையில்லை. அவனுக்கு வேண்டியது உங்கள் தளம் குடியிருக்கும், நீங்கள் வாடகை கட்டிக்கொண்டிருக்கும் சர்வர் என்ற கணினி. அதிலிருந்து ஆயிரக்கணக்கில் ஸ்பேம் மின்னஞ்சல் அனுப்பலாம். அவப்பெயர் உங்கள் முகவரிக்குப் போகும். ஏதோ ஒரு வங்கியின் நுழைவுப் பக்கத்தைப் போலவே ஒன்றைச் செய்து, உங்கள் தளத்தின் மூலையில் ஒளித்து வைக்கலாம். கூகுளில் உங்கள் தளத்துக்குச் சில ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கும் மதிப்பின் முதுகில் ஏறி, போலி மருந்துக்கும் சூதாட்டத்துக்கும் இணைப்புக் கொடுக்கலாம். வருகிற வாசகரை வழியிலேயே வேறு தளத்துக்குத் திருப்பிவிடலாம். இவற்றில் எதற்கும் தளம் பெரியதாக இருக்க வேண்டியதில்லை. யாரும் கவனிக்காத சிறிய தளமாக இருந்தால் இன்னும் நல்லது.

தவிர, உங்களை யாரும் தேடிக் கண்டுபிடித்துத் தாக்குவதும் இல்லை. தெருவில் நிறுத்தியிருக்கும் ஒவ்வொரு வண்டியிலும் சாவி தொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே போகிறவனைப் போல, தானியங்கி நிரல்கள் இணையத்திலுள்ள முகவரிகளை ஒன்றுவிடாமல் தட்டிப் பார்த்துக்கொண்டே போகின்றன. இதை நம்பாதவர்கள், சர்வரை வாடகைக்குத் தரும் நிறுவனத்தில் தங்களுக்குள்ள ஹோஸ்டிங் கணக்கில் இருக்கும் வருகைப் பதிவேட்டை, அதாவது அக்சஸ் லாகை, ஒரு முறை திறந்து பார்க்கட்டும். நேற்றுத் தொடங்கிய, இன்னும் ஒரு வாசகர்கூட வராத தளத்திலும் வரி வரியாக ஏதோ பதிவாகியிருக்கும். தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸின் நுழைவுப் பக்கத்தைக் கேட்டு ஒருவர். உங்கள் தளத்தில் இல்லவே இல்லாத ஒரு பிளகினின், அதாவது கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை நிரலின், கோப்பைக் கேட்டு இன்னொருவர். 'பேக்கப்' என்ற பெயரில் ஒரு ஜிப் கோப்பு கிடைக்குமா என்று மற்றொருவர். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு எழுதப்பட்டிருக்கும் அமைப்புக் கோப்பின் பழைய பிரதியை யாராவது மறந்து விட்டுவைத்திருக்கிறார்களா என்று நாலைந்து விதமான பெயர்களில் விசாரணை. அந்தக் கோப்புகள் இல்லாததால் வரிக்கு வரி 404, அதாவது 'இல்லை', என்று பதில் போயிருக்கும். என்றாவது ஒரு நாள் அவற்றில் ஒன்றுக்கு 200, அதாவது 'இதோ இருக்கிறது', என்று பதில் போனால் கதை தொடங்கிவிட்டது என்று பொருள்.

இந்தக் கட்டுரையில் வேர்ட்பிரஸையே எடுத்துக்கொள்கிறேன். உலகத் தளங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் அதில்தான் ஓடுகின்றன. முதல் தளம் தொடங்குகிற தமிழர்களும் பெரும்பாலும் அங்கேதான் வந்து சேர்கிறார்கள். தாக்குகிறவர்களுக்கும் இதே கணக்குதான். எல்லாரும் ஒரே பூட்டை வாங்கியிருந்தால் ஒரே ஒரு கள்ளச்சாவி செய்தால் போதும்.

2017ஆம் ஆண்டு ஜனவரியில் நடந்ததைச் சற்று விரிவாகப் பார்ப்போம். வேர்ட்பிரஸ் 4.7 பதிப்பில், வெளியிலிருந்து வேறு மென்பொருள்கள் பதிவுகளைப் படிக்கவும் திருத்தவும் ஒரு வாசல் புதிதாகத் திறக்கப்பட்டிருந்தது. 'இன்ன எண்ணுள்ள பதிவைத் திருத்து' என்று கோரிக்கை வந்தால், முதலில் ஒரு பகுதி அனுமதி இருக்கிறதா என்று சரிபார்க்கும். பிறகு இன்னொரு பகுதி திருத்தும். அந்த எண்ணுக்குப் பின்னால் ஓர் எழுத்தை ஒட்டி, 1 என்பதற்குப் பதிலாக '1அ' என்பதுபோல அனுப்பினால் என்ன ஆகும்? சரிபார்க்கும் பகுதி அப்படி ஒரு பதிவைத் தேடும். அப்படி எதுவும் கிடையாது. இல்லாத பதிவுக்கு அனுமதி மறுக்க என்ன இருக்கிறது என்று வழிவிட்டுவிடும். அடுத்த பகுதியோ வந்ததை எண்ணாக மாற்றும்போது ஒட்டியிருந்த எழுத்தை உதிர்த்துவிட்டு, 1ஆம் எண் பதிவைத் திறந்து, வந்த உரையை அதில் எழுதிவிடும். பாஸ்வேர்டு தேவையில்லை, எந்தக் கணக்கும் தேவையில்லை. இரண்டு காவலர்கள், ஒரே சீட்டை இரண்டு விதமாக வாசித்தார்கள், அவ்வளவுதான் ஓட்டை.

சுகுரி என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் இதைக் கண்டுபிடித்து வேர்ட்பிரஸ் குழுவிடம் சொன்னார். ஜனவரி 26 அன்று 4.7.2 பதிப்பு வந்தது. இப்படியொரு ஓட்டை அடைக்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் வேண்டுமென்றே சொல்லாமல், பிப்ரவரி 1 வரை காத்திருந்து அறிவித்தார்கள். அதற்குள் தளங்கள் தாமாகவே அப்டேட் ஆகிவிடட்டும் என்பது எண்ணம். பெரும்பாலானவை ஆகியும்விட்டன, 2013இல் வந்த 3.7 பதிப்பிலிருந்தே சிறிய அப்டேட்டுகள் தானாக ஏறும் வசதி உண்டு. அந்த வசதியை அணைத்து வைத்திருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே பத்து லட்சத்துக்கும் அதிகமான பக்கங்களில் 'இன்னார் ஹேக் செய்தார்' என்று எழுதிவைத்துப் போனார்கள். ஒரே பக்கத்தில் ஒருவர் எழுதியதை அழித்துவிட்டு அடுத்தவர் எழுதியதும் நடந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஓட்டையைவிட அந்தத் தேதிகளைத்தான். மருந்து வந்த பிறகுதான் நோய் பரவியது. ஓட்டையை அடைத்த நாளிலேயே அது எங்கே இருந்தது என்பதையும் ஊருக்குச் சொன்னதாகிவிடுகிறது. பழைய நிரலையும் புதிய நிரலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடத் தெரிந்தவனுக்கு வேறு குறிப்பே தேவையில்லை. எனவே அப்டேட் வந்ததற்கும் நீங்கள் அதைப் போட்டதற்கும் நடுவே உள்ள நாட்கள்தான் உங்கள் தளத்தின் உண்மையான ஆபத்துக் காலம். 'அப்டேட் போட்டால் தளம் கலைந்துவிடும்' என்று அஞ்சி ஒத்திப்போடுகிறவர்கள் நிறையப் பேர். அந்த அச்சத்தில் கொஞ்சம் உண்மையும் உண்டு. கலைந்த தளங்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் கலைந்ததைப் பேக்கப்பை வைத்து அரை மணி நேரத்தில் மீட்கலாம். உடைக்கப்பட்டதை அப்படி மீட்க முடியாது.

வேர்ட்பிரஸின் மையப் பகுதியிலேயே இப்படி ஓட்டை விழுவது இன்று அபூர்வம். அன்றாடத் தொல்லை பிளகின்களிடமிருந்துதான் வருகிறது. 2020 செப்டம்பர் 1 அன்று, 7 லட்சம் தளங்களில் இருந்த 'டபிள்யூபி ஃபைல் மேனேஜர்' என்ற பிளகினில் ஓட்டை இருப்பதை, அதன் வழியே தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போதே, செராவோ என்ற ஃபின்லாந்து ஹோஸ்டிங் நிறுவனத்தார் கண்டுபிடித்தார்கள். அந்தப் பிளகின் கோப்புகளைக் கையாள, வேறொருவர் எழுதிய ஒரு நிரல் நூலகத்தைப் பயன்படுத்தியது. அந்த நூலகத்தோடு மாதிரிக் கோப்பு ஒன்றும் வரும். தவறியும் இயங்கிவிடக் கூடாது என்பதற்காகவே அதன் பெயரின் கடைசியில் ஒரு வாலை ஒட்டி அனுப்பியிருந்தார்கள். பிளகின் செய்தவர்கள் அந்த வாலை வெட்டிவிட்டார்கள். அன்று முதல் அந்தக் கோப்பின் முகவரி தெரிந்த யாரும், எந்த நுழைவும் இல்லாமல், தளத்துக்குள் எந்தக் கோப்பையும் ஏற்ற முடிந்தது. உள்ளே புகுந்த சிலர் செய்த முதல் வேலை, அந்த ஓட்டைக் கோப்புக்குத் தாங்களே ஒரு பாஸ்வேர்டு போட்டதுதான். தங்களுக்குப் பின்னால் வேறு திருடன் வந்துவிடக் கூடாதாம். தளத்தின் சொந்தக்காரர்கள் காட்டாத அக்கறை.

ஃபைல் மேனேஜர் எதற்குத் தேவைப்படும்? என்றோ ஒரு நாள், ஏதோ ஒரு கோப்பைத் திருத்த. அந்த வேலையை ஹோஸ்டிங் கணக்கின் வழியாகவே செய்யலாம். ஆனாலும் யூடியூப் காணொளி ஒன்றில் யாரோ சொன்னார்கள் என்று நிறுவி, அன்றைய வேலை முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். என் கணிப்பில் சிறிய தளங்கள் உடைபடுவதற்கு இந்த மறதிதான் பெரிய காரணம். இன்னொரு தப்பெண்ணமும் உண்டு: பிளகினை 'டீஆக்டிவேட்' செய்துவிட்டால் போதும் என்பது. டீஆக்டிவேட் செய்தால் வேர்ட்பிரஸ் அதைக் கூப்பிடாது, அவ்வளவே. கோப்பு சர்வரில் அதே இடத்தில் இருக்கும். நேரடியாக அதன் முகவரியைத் தட்டுகிறவனுக்கு வேர்ட்பிரஸின் தயவு தேவையில்லை. வேண்டாத பிளகினையும், தளத்தின் தோற்றத்தை அமைக்கும் 'தீம்' கோப்புகளில் வேண்டாதவற்றையும் அழித்துவிட வேண்டும். சோதனைக்காக ஒரே ஹோஸ்டிங் கணக்கில் போட்டுப் பார்த்துவிட்டுக் கைவிட்ட பழைய தளப் பிரதிக்கும் இதுவே பொருந்தும். மூன்று ஆண்டுகளாக அப்டேட் ஆகாத அந்தப் பிரதி வழியாகப் புகுந்தவன், அதே கணக்கில் உள்ள உங்கள் உயிருள்ள தளத்துக்கும் தடையின்றி நடந்து வருவான்.

நல்ல பிளகின் கெட்டுப்போவதும் உண்டு. 2 லட்சம் தளங்களில் இருந்த 'டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ்' என்ற பிளகினை அதை எழுதியவர் 2017இல் விற்றுவிட்டார். வாங்கியவர்கள் அடுத்தடுத்த அப்டேட்டுகளில் ஒரு பின்வாசலை வைத்து, அதன் வழியே தளங்களில் ஸ்பேம் பக்கங்களைப் புகுத்தினார்கள். உள்நுழைந்திருப்பவர்களின் கண்ணில் மட்டும் அந்தப் பக்கங்கள் படாது. சொந்தக்காரர் எப்போதும் உள்நுழைந்துதானே பார்ப்பார். 'அப்டேட் போடு, அப்டேட் போடு' என்று இவ்வளவு நேரம் சொல்லிவிட்டு அப்டேட்டே விஷமான கதையைச் சொல்வது முரண்பாடுதான். அப்டேட்டை நிறுத்துவது இதற்கு விடையாகாது. பிளகின்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வதே வழி. ஒவ்வொரு பிளகினும் முகம் தெரியாத ஒருவருக்கு உங்கள் தளத்தின் முழு அதிகாரத்தையும் கொடுப்பதுதான். இதே காரணத்தால், பணம் கட்டி வாங்க வேண்டிய தீம்களையும் பிளகின்களையும் டெலிகிராம் குழுக்களில் இலவசமாகப் பகிர்கிறவர்களைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. அவர்களுக்கு ஊதியம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும்.

பாஸ்வேர்டு பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 2010இல் 3.0 பதிப்பு வரும்வரை வேர்ட்பிரஸை நிறுவினால் முதல் பயனரின் பெயர் 'அட்மின்' என்றுதான் அமையும், மாற்ற வழியில்லை. 2013 ஏப்ரலில் பல்லாயிரம் கணினிகளைக் கொண்ட ஒரு வலையமைப்பு அந்தப் பெயரையும் வழக்கமான பாஸ்வேர்டுகளையும் வைத்துக்கொண்டு உலகெங்கும் வேர்ட்பிரஸ் தளங்களை முட்டிப் பார்த்தது. இன்றும் அந்த முட்டல் ஓயவில்லை. நீளமான, வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டு ஒன்று. நுழையும்போது பாஸ்வேர்டோடு சேர்த்து இட வேண்டிய, செல்பேசிச் செயலியில் வரும் இரண்டாவது எண் ஒன்று. இந்த இரண்டும் இருந்தால் அந்தப் பக்கத்திலிருந்து வரும் ஆபத்து பெரும்பாலும் தீர்ந்தது. வேலையை விட்டுப்போன உதவியாளருக்கு இன்னும் அட்மின் அதிகாரம் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். கட்டுரை எழுதித் தருகிறவருக்கு எழுத்தாளர் அதிகாரமே போதும்.

சில உலாவிகளில் முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுச் சின்னத்தைப் பற்றிப் பெரிய குழப்பம் நிலவுகிறது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு, அந்தப் பூட்டுக்குத் தேவையான சான்றிதழை 2015 டிசம்பரில் எல்லாருக்கும் இலவசமாகத் தரத் தொடங்கியது. 2018 ஜூலையில் குரோம் உலாவி, சான்றிதழ் இல்லாத தளங்களைப் 'பாதுகாப்பற்றது' என்று வெளிப்படையாகவே குறிக்க ஆரம்பித்தது. அதன் பிறகு சான்றிதழ் இல்லாத தளத்தைக் காண்பதே அரிது. ஹோஸ்டிங் விளம்பரங்கள் 'சான்றிதழ் இலவசம், உங்கள் தளம் முழுப் பாதுகாப்பு' என்று முழங்குகின்றன. அந்தச் சான்றிதழ் செய்வது ஒன்றே ஒன்று: வாசகரின் உலாவிக்கும் உங்கள் சர்வருக்கும் நடுவே போகும் தகவலை வழியில் யாரும் படிக்கவோ மாற்றவோ முடியாது. அந்தச் சர்வருக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. மேலே சொன்ன போலி வங்கிப் பக்கங்களிலும் அதே பூட்டு அழகாகத் தெரியும். சான்றிதழ் கட்டாயம் வேண்டும்; அதோடு வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம்.

பேக்கப் விஷயத்தில் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் டேட்டா சென்டர், அதாவது சர்வர்களை அடுக்கி வைத்திருக்கும் கட்டடம் ஒன்று தீயில் முழுவதும் எரிந்துபோனது. தளத்தையும் அதன் பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களில் சிலருக்கு இரண்டுமே மிஞ்சவில்லை. அந்த அளவுக்குப் போக வேண்டாம்; ஹோஸ்டிங் கணக்கு முடக்கப்பட்டாலே அதற்குள் இருக்கும் பேக்கப்பும் முடங்கிவிடும். ஒரு பிரதியாவது வேறு நிறுவனத்திடமோ உங்கள் கணினியிலோ இருக்க வேண்டும். நேற்றைய பிரதி மட்டும் இருந்தாலும் போதாது. புகுந்தவன் ஒரு மாதம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு வேலையைத் தொடங்குவான். அதற்குள் உங்கள் எல்லாப் பிரதிகளிலும் அவன் குடியேறியிருப்பான். இரண்டு மூன்று மாதம் பழைய பிரதி ஒன்று கைவசம் இருப்பது நல்லது. பேக்கப் பிளகினும் பிளகின்தான் என்பதை 2022 பிப்ரவரி காட்டியது. 30 லட்சம் தளங்களில் ஓடிய 'அப்டிராஃப்ட்பிளஸ்' பிளகினில், சாதாரணச் சந்தாதாரர் கணக்கு வைத்திருப்பவரும் மொத்தப் பேக்கப்பையும் இறக்கிக்கொள்ளும்படி ஒரு ஓட்டை இருந்தது. நிலைமையின் தீவிரத்தைப் பார்த்து, சொந்தக்காரர்களின் கைக்குக் காத்திராமல் அப்டேட்டைக் கட்டாயமாகவே ஏற்றினார்கள்.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தவரிடமும் நான் கேட்க விரும்பும் ஒரு கேள்வி உண்டு: உங்கள் டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், யார் பெயரில் இருக்கிறது? தளம் செய்துகொடுத்த தம்பி தன் மின்னஞ்சலில், தன் கணக்கில், தன் கார்டில் பதிவு செய்திருப்பார். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் வேறு வேலைக்குப் போய், அந்த மின்னஞ்சலைப் பார்ப்பதை விட்டுவிட்டு, புதுப்பிப்பு நினைவூட்டல் யார் கண்ணிலும் படாமல் போனால், ஒரு காலையில் உங்கள் கடையின் முகவரியில் வேறு எவருடைய விளம்பரமோ நிற்கும். விவரம் தெரிந்தவர்களுக்கும் இந்தப் பக்கம் பலவீனம்தான். 2021 ஜனவரியில், பெர்ல் நிரல்மொழிக்காரர்கள் பல ஆண்டுகளாக வைத்திருந்த பெர்ல் டாட் காம் முகவரியே களவுபோனது. அவர்கள் சர்வரை யாரும் உடைக்கவில்லை. டொமைன் கணக்கு கைமாறியிருந்தது. மீட்பதற்குப் பிப்ரவரி ஆனது. டொமைன் உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் இருக்கட்டும். அந்த மின்னஞ்சலுக்கும் டொமைன் கணக்குக்கும் இரண்டாவது எண் போட்டுவையுங்கள். மாற்றத்தைத் தடுக்கும் 'டொமைன் லாக்' வசதியும் இயங்கட்டும்.

சரி, தளம் உடைபட்டிருக்கிறதா என்று எப்படித் தெரியும்? தளத்தைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது என்பதே தொல்லை. கூகுள் வழியாக வருகிறவரை மட்டும், செல்பேசியில் வருகிறவரை மட்டும் திருப்பிவிடும் நிரல்கள் சாதாரணம். முகவரியை நேரடியாகத் தட்டெழுதி, கணினியில், உள்நுழைந்த நிலையில் பார்க்கும் உங்களுக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். வாசகர் ஒருவர் 'உங்கள் தளம் வேறெங்கோ போகிறதே' என்று சொன்னால், 'எனக்குச் சரியாகத்தான் வருகிறது' என்று பதில் சொல்லிவிடாதீர்கள். கூகுள் தேடலில் 'சைட்' என்பதற்குரிய ஆங்கிலச் சொல், அதை ஒட்டி முக்காற்புள்ளி, அதை ஒட்டி உங்கள் தள முகவரி என்று இட்டுப் பாருங்கள். உங்கள் தளத்தில் இருப்பதாகக் கூகுள் அறிந்த பக்கங்கள் வரும். நூறு பக்கத் தளத்துக்குப் பல்லாயிரம் பக்கங்கள் காட்டினால், அவற்றில் பாதி ஜப்பானிய எழுத்தில் கைப்பை, கைக்கடிகார விளம்பரமாக இருந்தால், சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஜப்பானிய மொழியில் தேடுகிறவர்களைப் போலிக் கடைகளுக்கு இழுப்பதற்காக உலகெங்கும் உள்ள சிறு தளங்களில் இப்படிப் பக்கங்களை நிரப்புகிறார்கள். இதைச் சரிசெய்வதற்கென்றே கூகுள் தனி வழிகாட்டி எழுதி வைத்திருக்கிறது.

துப்புரவு செய்யும்போது, கண்ணில் பட்ட கெட்ட வரியை மட்டும் அழித்துவிட்டுத் திருப்தி அடைகிறவர்களுக்கு மறுவாரமே மறுபடியும் வந்துவிடும். முதலில் ஹோஸ்டிங், டேட்டாபேஸ், வேர்ட்பிரஸ், மின்னஞ்சல் என எல்லாப் பாஸ்வேர்டுகளையும் மாற்ற வேண்டும். அமைப்புக் கோப்பில் உள்ள ரகசியச் சாவி வரிகளையும் மாற்றினால்தான் ஏற்கெனவே உள்ளே இருப்பவன் வெளியே தள்ளப்படுவான். வேர்ட்பிரஸையும் பிளகின்களையும் தீம் கோப்புகளையும் மூல இடத்திலிருந்து புதிதாக இறக்கி, பழைய கோப்புகளின் மேல் பூசாமல், பழையதை அழித்துவிட்டுப் போட வேண்டும். படங்கள் இருக்கும் 'அப்லோட்ஸ்' அடைவில் ஆண்டு, மாதம் என்று அடுக்கியிருக்கும் உள்ளறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். படங்களுக்கு நடுவே பிஎச்பி கோப்பு, அதாவது சர்வரில் இயங்கும் நிரல், ஒன்று உட்கார்ந்திருந்தால் அதற்கு அங்கே வேலை எதுவும் இருக்காது. பயனர் பட்டியலில் தெரியாத அட்மின் பெயர் இருக்கிறதா, ஹோஸ்டிங் கணக்கில் குறித்த நேரத்தில் தானாக ஓடும் கால அட்டவணைப் பணிகளில் ('கிரான் ஜாப்') நீங்கள் போடாத ஒன்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அழித்த கோப்பு அரை மணியில் மறுபடியும் முளைத்தால் அந்தப் பட்டியலில்தான் வேர் இருக்கும்.

கூகுள் உங்கள் தளத்துக்கு எச்சரிக்கை போட்டிருந்தால், தளச் சொந்தக்காரர்களுக்கென்று அது தரும் சர்ச் கன்சோல் சேவையில் மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்க வேண்டும்; அதற்கு முன்னால் அங்கேயே இன்னொன்றையும் பாருங்கள். அமைப்புகள் பகுதியில் உரிமையாளர் பட்டியல் என்று ஒன்று இருக்கும். ஜப்பானியப் பக்கங்களைப் புகுத்துகிறவர்கள், தங்கள் பக்கங்கள் விரைவாகத் தேடலில் ஏறட்டும் என்று, உங்கள் தளத்தில் ஒரு சரிபார்ப்புக் கோப்பைப் போட்டு, தங்களையும் உரிமையாளராகச் சேர்த்துக்கொள்வது வழக்கம். பட்டியலிலிருந்து பெயரை மட்டும் நீக்கினால் போதாது. அந்தச் சரிபார்ப்புக் கோப்பு சர்வரில் இருக்கும்வரை அவர்கள் மறுபடியும் தங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். முதலில் கோப்பை அழித்துவிட்டு, பிறகு பெயரை நீக்குங்கள்.